சிரா, ஷிராஸ்: குவளையில் தெரிவது நிலமா, தயாரித்தவர் கையா?

கொடிமுந்திரி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ரொம்ப நாளாகச் செய்து பார்க்க நினைத்த ஒரு ஒப்பீட்டைச் செய்து முடித்தோம். எல்லாம் சிவப்பு ஒயின். திராட்சை ஒன்றேதான்: சிரா, ஆஸ்திரேலியாவில் அதற்கு ஷிராஸ் என்று பெயர். இடங்கள் நான்கு: பிரான்சில் வட ரோன் பகுதியின் கோர்னாஸ், ஆஸ்திரேலியாவின் பரோசா, நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே, தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்லாந்து. எல்லாம் ஒரே வருட அறுவடை. பாட்டில்களைத் துணியால் மூடி, ஒரே அளவுக் குவளைகளில் ஊற்றி, எது எந்த ஊர் என்று தெரியாமல் குறிப்பு எழுதினோம். பிறகுதான் துணியை எடுத்தோம்.

முதல் குவளையில் மூக்கை வைத்ததுமே அப்போதுதான் இடித்த மிளகு. அதற்குப் பின்னால் வயலெட் பூ வாசம். நிறம் அடர்த்தியாக இருந்தும் வாயில் கனம் இல்லை. புளிப்பு நாக்கின் ஓரங்களை நிமிண்டியது. அது ஹாக்ஸ் பே. இரண்டாவது நேர் எதிர்: பிளாக்பெர்ரி ஜாம், சாக்லேட், வெனிலா, லேசாகத் தேங்காய் வாடை, விழுங்கியதும் தொண்டையில் சூடு. பிறகு லேபிளைப் பார்த்தால் ஆல்கஹால் 14.5 சதவீதம். துணியை எடுக்கும் முன்பே எல்லோரும் பரோசா என்று சொல்லிவிட்டோம். மூன்றாவதில் பழம் பின்வாங்கி நின்றது. கறுப்பு ஆலிவ், புகை, துருப்பிடித்த இரும்பைத் தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளுமே, அந்த வாடை. துவர்ப்பு ஈறுவரை இழுத்தது. அது கோர்னாஸ். ஸ்வார்ட்லாந்து இவற்றுக்கு நடுவில் எங்கோ நின்றது: பழம் நன்றாகப் பழுத்திருந்தது, ஆனால் மர வாடை இல்லை, துவர்ப்பு மெல்லியது.

என் கட்சி இது: மிளகும் புளிப்பும் நிலம் கொடுத்தவை. வெனிலாவும் தேங்காயும் ஒயினை முதிரவைக்கும் ஓக் மரப் பீப்பாய் கொடுத்தவை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பெரிய பகுதி யாருடையது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாறைநிலம் எழுதியது:

நல்ல ஒப்பீடு நண்பரே. எல்லோரும் மண்ணைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். நான் வெயிலில் இருந்து தொடங்குகிறேன்.

கோர்னாஸ் ஏறக்குறைய 45 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. பரோசாவும் ஸ்வார்ட்லாந்தும் தெற்கே 33, 34 டிகிரிப் பக்கம். ஹாக்ஸ் பே 39க்கு மேல். வட ரோனில் சிரா பழுப்பதே ஒரு போராட்டமாக இருந்த காலம் நீண்டது. அதனால்தான் அங்கே நல்ல தோட்டங்கள் எல்லாம் தெற்கு, கிழக்கு பார்த்த செங்குத்துச் சரிவுகளில் இருக்கின்றன. அதே வட ரோனின் கோத் ரோத்தியில் டிராக்டர் ஏறாது, ஒவ்வொரு கொடியையும் கம்பத்தில் கட்டிக் கையால்தான் வேலை. அங்கேயே இருக்கும் எர்மிதாஜ் முழுவதும் சேர்த்தே சுமார் 136 ஹெக்டேர்தான், வெயிலைப் பார்த்த ஒரே குன்று. கோர்னாஸ் ஒரு கிண்ணம் மாதிரி உள்வாங்கிய சரிவு. மிஸ்ட்ரால் என்ற வடக்குக் காற்று அங்கே முழு வேகத்தில் அடிக்காது. ஆகவே வட ரோனிலேயே அது வெப்பமான மூலை. உங்களுக்குக் கிடைத்த அந்த ஈறு இழுக்கும் துவர்ப்பு கோர்னாஸுக்கே உரியது. கோத் ரோத்தி ஊற்றியிருந்தால் இவ்வளவு முரட்டுத்தனம் இருந்திருக்காது.

பரோசா என்று ஒரே சொல்லில் அடக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்துக்கு மேல் 250, 300 மீட்டர். பக்கத்து ஈடன் பள்ளத்தாக்கு 400, 500 மீட்டர். அங்கே விளையும் ஷிராஸில் மிளகும் பூவாசமும் தெளிவாக வரும். லேபிளில் 'பரோசா பள்ளத்தாக்கு' என்று இருந்தால் தரைப் பகுதி. வெறும் 'பரோசா' என்றிருந்தால் இரண்டையும் கலந்திருக்கலாம். உங்கள் பாட்டிலில் எது?

கொடிமுந்திரி எழுதியது:

'பரோசா பள்ளத்தாக்கு' என்றே இருக்கிறது. இந்த வேறுபாட்டை லேபிளில் கவனிக்க வேண்டும் என்பது பலருக்கும் உதவும், நன்றி.

வேதியல்மாணவி எழுதியது:

மிளகைப் பற்றி நான் சொல்கிறேன், அது என் படிப்புக்கு நெருக்கமான விஷயம்.

அந்த வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம். மிளகிலேயே இருக்கும் அதே மூலக்கூறு. ஷிராஸில் மிளகு வாசனை வருவதற்கு இதுதான் காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2008இல் வெளியிட்டார்கள். சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். நானோகிராம் என்றால் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு வீரியம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அடுத்தது. அதே ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே இல்லை. வெறும் தண்ணீரில் பல மடங்கு அதிகமாகக் கலந்து கொடுத்தும் தெரியவில்லை. ஆக, ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே ஹாக்ஸ் பே பாட்டிலைச் சுவைக்கும் இரண்டு பேர் நிஜமாகவே இரண்டு வேறு ஒயின்களைச் சுவைக்கிறார்கள். ஒருவருக்கு மிளகும் பூவும். இன்னொருவருக்கு மெல்லிய, புளிப்பான ஒரு சிவப்பு ஒயின், அவ்வளவுதான். 'குளிர்ப்பகுதி சிராவில் அப்படி என்ன இருக்கு?' என்று கேட்பவர்களோடு சண்டை போடும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ரோட்டண்டோன் பெரும்பாலும் தோலில்தான் சேர்கிறது, அதுவும் பழம் முதிரும் கடைசி வாரங்களில். குளிர்ந்த வருடம், குளிர்ந்த இடம், இலை நிழலில் மறைந்த கொத்து, இவற்றில் அதிகம். நேர் வெயில் பட்ட கொத்தில் குறைவு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிராம்பியன்ஸ் பகுதியில் ஒரே தோட்டத்துக்குள் அளந்து பார்த்தபோதே, சரிவு எந்தத் திசை பார்க்கிறது, மண் எப்படி என்பதைப் பொறுத்து அளவு மாறியிருக்கிறது. 'மிளகு நிலத்துடையது' என்ற உங்கள் கட்சிக்கு நான் ஓட்டுப் போடுகிறேன். ஆனால் அந்த நிலம் ஒரு நாட்டின் பெயரோ பகுதியின் பெயரோ இல்லை. ஒரு சரிவு, சில சமயம் ஒரு வரிசைக் கொடி.

ஓக்மரம் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் நிலத்துக்கு இவ்வளவு தாராளமாகப் பங்கு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முதலில் புளிப்பையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் வெப்பப் பகுதிகளில் பிழிந்த சாற்றில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, பரவலாகச் செய்யப்படுவதும் கூட. வெயிலில் பழத்தின் புளிப்பு வேகமாக இறங்கிவிடும்; சேர்க்காமல் விட்டால் ஒயின் தளர்ந்து போகும். அப்படியானால் பரோசா ஷிராஸில் நீங்கள் உணரும் புளிப்பில் ஒரு பங்கு கொடியிலிருந்து வந்ததே இல்லை. 'புளிப்பு நிலத்துடையது' என்று எப்படி எழுதுவது?

அடுத்து பீப்பாய். தேங்காய் வாடை அமெரிக்க ஓக் மரத்தில் அதிகமாக உள்ள லாக்டோன் என்ற வாசனைச் சேர்மங்களால் வருவது. ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் மாக்ஸ் ஷூபர்ட் 1951இல் கிரேஞ்ச் ஒயினைச் சோதனையாகத் தயாரித்தபோது புதிய அமெரிக்க ஓக் பீப்பாய்களில்தான் நொதித்தலை முடித்து முதிரவைத்தார். அது பெரும் புகழ் பெற்றது, அந்தச் சுவையே 'பரோசா சுவை' என்று உலகம் பழகிவிட்டது. வட ரோனில் அமெரிக்க ஓக் அபூர்வம். பெரிய, பழைய பீப்பாய்களை விரும்புபவர்கள் அங்கே அதிகம். இரண்டு ஊரின் பழத்தை ஒப்பிடுவதாக நினைத்து இரண்டு காட்டின் மரத்தை ஒப்பிடுகிறோம்.

மூன்றாவது, காம்பு. கொத்தைக் காம்போடு நொதிக்க விடுவதா, உதிர்த்துவிட்டு நொதிக்க விடுவதா என்பது ஒரு தனி மனிதரின் முடிவு. காம்போடு விட்டால் மூலிகை வாசம், மசாலா வாசம், வேறுவிதமான துவர்ப்பு எல்லாம் வரும். இன்று பரோசாவில் சீக்கிரம் அறுவடை செய்து, காம்போடு நொதித்து, பழைய பிரெஞ்சு பீப்பாயில் வைக்கும் இளைய தலைமுறை இருக்கிறது. அவர்கள் ஒயினைத் துணி போட்டு ஊற்றினால் எத்தனை பேர் பரோசா என்று சொல்வார்கள்?

பாறைநிலம் எழுதியது:

ஓக்மரம் சொல்வதில் அறுவடை நாள்தான் மிக முக்கியம். இரண்டு வாரம் முந்தினால் ஆல்கஹால், புளிப்பு, பழத்தின் தன்மை மூன்றும் மாறும். ஆனால் அந்த நாளைத் தீர்மானிப்பதும் பல இடங்களில் வானம்தான். ஆஸ்திரேலியாவிலேயே ஹண்டர் பள்ளத்தாக்கைப் பாருங்கள். பரோசாவைவிட வடக்கே, வெப்பமான இடம். கணக்குப்படி அங்கே கனமான ஒயின் வர வேண்டும். வருவதோ நடுத்தரக் கனம், ஆல்கஹால் பெரும்பாலும் 13 சதவீதத்தை ஒட்டி. காரணம், அங்கே மேகமும் ஈரப்பதமும் அதிகம், அறுவடைக் காலத்தில் மழை மிரட்டும். பழம் ஜாம் ஆகும்வரை யாரும் காத்திருக்க முடியாது. இதைக் கையின் முடிவு என்பீர்களா, நிலத்தின் கட்டாயம் என்பீர்களா?

ஓக்மரம் எழுதியது:

ஹண்டர் நல்ல எதிர்வாதம், ஒப்புக்கொள்கிறேன். பாணியும் பருவநிலையும் அங்கே ஒன்றையொன்று வளர்த்திருக்கின்றன.

ஆனால் பாணி பயணம் போகும் என்பதையும் பாருங்கள். கோத் ரோத்தியில் சிராவோடு வியோன்யே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சேர்த்து ஒன்றாக நொதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. நடைமுறையில் சேர்ப்பது மிகக் குறைவு. பாதாமிப் பழ (ஆப்ரிகாட்) வாசம் வரும், நிறமும் நிலைக்கும். கான்பெரா பக்கத்தில் குளோனகில்லா என்ற தயாரிப்பாளர் 1992இல் அதே முறையைப் பிடித்தார்கள். அதன் பிறகு ஆஸ்திரேலியா முழுக்க ஷிராஸ்-வியோன்யே கலவைகள் வந்தன. வாசனையை மட்டும் வைத்து ஊர் சொல்பவரை அந்த ஒரு முறை திசைதிருப்பப் போதும்.

கொடிமுந்திரி எழுதியது:

அப்படியானால் கேள்வியை இப்படி மாற்றிக் கேட்கிறேன்: கை ஒன்றாக இருந்து, நிலம் மட்டும் மாறினால் என்ன ஆகும்? அப்படிப் பாட்டில்கள் இருக்கின்றனவா?

பாறைநிலம் எழுதியது:

இருக்கின்றன, நீங்கள் ஏற்கெனவே சுவைத்த ஸ்வார்ட்லாந்திலேயே. முல்லினியூ என்ற தயாரிப்பாளர் கிரானைட், ஷிஸ்ட் (அடுக்கடுக்கான பாறை), இரும்புச்சத்து மண் என்று மூன்று சிராக்களைத் தனித்தனியாகப் பாட்டிலில் அடைக்கிறார்கள். தயாரிப்பு முறையை முடிந்தவரை ஒரே மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். கிரானைட் மண்ணில் விளைந்தது மெல்லியது, பூவாசம் தூக்கலாக இருக்கும், துவர்ப்பு பட்டுப்போல். ஷிஸ்டில் விளைந்தது நிறத்திலும் கட்டமைப்பிலும் அடர்த்தி. இரும்பு மண் இன்னும் கனம். இந்த மூன்றையும் வரிசையாக ஊற்றிப் பார்த்தவர் எவரும் 'எல்லாம் தயாரிப்பாளர் கைதான்' என்று அதன் பிறகு சொல்லிக் கேட்டதில்லை.

எர்மிதாஜில் ஷாப்பூட்டியே நிறுவனமும் குன்றின் தனித்தனித் துண்டுகளைப் பிரித்தே வெளியிடுகிறது. 'லெ பவியோன்' கிரானைட் பகுதியிலிருந்து, 'லெ மெயால்' கூழாங்கற்கள் நிறைந்த வெப்பமான மேடையிலிருந்து. முன்னது இறுக்கம், இளமையில் வாயைத் திறக்காது. பின்னது பழமும் சதையுமாக இருக்கும். ஒரே குன்று, ஒரே கை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கல்லின் சுவை வேர் வழியாக ஏறிப் பழத்துக்கு வருகிறது என்று நினைக்கக் கூடாது. கிரானைட்டுக்கு வாசனை கிடையாது. மண் செய்யும் வேலை வேறு: தண்ணீரை எவ்வளவு பிடித்துவைக்கிறது, எவ்வளவு வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது, வேர் எவ்வளவு ஆழம் போகிறது. கொடி எவ்வளவு தாகத்தோடு இருக்கிறது என்பதில்தான் பழத்தின் அளவும் தோலின் தடிமனும் இருக்கின்றன. உங்கள் ஹாக்ஸ் பே பாட்டிலில் கிம்ப்லெட் கிராவல்ஸ் (அங்குள்ள ஒரு சரளை நிலப் பகுதி) என்று இருந்தால் அந்தச் சரளை 1867 வெள்ளத்தில் ஆறு தன் தடத்தை மாற்றியதால் வெளியே வந்தது. தண்ணீர் நிற்காது, பகலில் சூடேறும். நியூசிலாந்தின் குளிரில் சிரா பழுப்பதற்கு அந்தச் சரளை பெரிய உதவி.

புகைமணம் எழுதியது:

அமெரிக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரிகான் மாநிலத்தின் மில்டன்-ஃப்ரீவாட்டர் பக்கம் 'ராக்ஸ் டிஸ்ட்ரிக்ட்' என்று 2015இல் தனி ஒயின் பகுதியாக அறிவித்தார்கள். பழைய ஆற்றுப்படுகை, தரை முழுக்க உருண்டை பசால்ட் கற்கள். எல்லையையே பெரும்பாலும் ஒரே வகை மண்ணை வைத்துத்தான் வரைந்தார்கள். அந்தச் சிராக்களில் புளிப்பு குறைவு, அதாவது பி.ஹெச். அதிகம். ஆலிவ், புகை, மாமிச வாடை தூக்கல். அந்தப் பக்கத்து ஒயின்களை அடிக்கடி சுவைப்பவர்கள் மூடிய குவளையிலும் எளிதில் அடையாளம் கண்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. கோர்னாஸில் கிடைத்த இரும்பு போன்ற வாடைகளை உடனே நிலத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் பீப்பாயில் புகுந்தால் 4-எத்தில்ஃபீனால் உண்டாக்கும். அது குதிரை லாயம், பதனிட்ட தோல், மருந்துக்கட்டு வாடையாக வரும். பழைய பீப்பாய், கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகம் குறைவு, அதிக பி.ஹெச். இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். பல வருடம் 'ரோன் மண்வாசம்' என்று பாராட்டப்பட்ட பலவும் இந்த ஈஸ்ட் வேலைதான் என்பது என் திடமான கருத்து. கொஞ்சமாக இருந்தால் அழகு என்பவர்கள் உண்டு. எனக்கு ஊரை மறைக்கும் திரை அது. பரோசாவில் இருந்தாலும் கோர்னாஸில் இருந்தாலும் ஒரே வாடைதானே வரும்?

வேதியல்மாணவி எழுதியது:

சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. குவளையை ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி முகருங்கள். சிரா ஒயின் காற்றுப் படாமல் முதிரவைக்கப்பட்டால் கந்தகச் சேர்மங்கள் சேர்ந்து, தீக்குச்சி, ரப்பர், புகை வாடை வரும். அது காற்றுப்பட்டதும் பெரும்பாலும் கலைந்துவிடும். பிரெட்டனோமைசிஸ் வாடை கலையாது, சில சமயம் இன்னும் ஏறும். ஆலிவ் வாடையிலும் ஒரு பகுதி டைமெத்தில் சல்ஃபைடால் வருவது, அது பாட்டிலில் முதிர முதிரக் கூடும். ஒப்பிடும் ஒயின்களின் வயது ஒன்றாக இருக்க வேண்டியது அதனால்தான்.

புதுக்குப்பி எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் புதியவன் ஒரு கேள்வி கேட்கலாமா? சிராவை இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். இரண்டே இரண்டு பாட்டில் வைத்து ஒப்பிட வேண்டுமானால் எதை எடுப்பது? வருடம் எவ்வளவு முக்கியம்?

கொடிமுந்திரி எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள் தம்பி. இரண்டே பாட்டில் என்றால் வட ரோனில் க்ரோஸ்-எர்மிதாஜ் அல்லது சேன்-ஜோசஃப் ஒன்று, பரோசா பள்ளத்தாக்கு ஒன்று. வேறுபாடு பெரிது, தவறவே விட மாட்டீர்கள். 16 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குள் ஊற்றுங்கள். சூடாக இருந்தால் பரோசாவின் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும், அது அந்த ஒயினுக்கு அநியாயம். மெல்லியதை முதலில் சுவையுங்கள், கனமானதைப் பிறகு, அதற்கப்புறம் கட்டாயம் முதலாவதுக்குத் திரும்புங்கள். திரும்பும்போதுதான் புளிப்பின் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

வருடம் ரொம்ப முக்கியம். 2003இல் ஐரோப்பா முழுவதும் கடும் வெப்ப அலை. அந்த வருட ரோன் ஒயின்கள் பழுத்துத் தடித்தவை. 2011இல் பரோசாவில் மழையும் குளிரும். அந்த வருட ஒயின்கள் வழக்கத்தைவிட மெல்லியவை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஊர்களை இடம் மாற்றிச் சொல்ல வாய்ப்பு அதிகம். தெற்கே அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வடக்கே செப்டம்பர் ஒட்டி. லேபிளில் ஒரே வருடம் இருந்தாலும் தெற்கு ஒயினுக்கு வயது அரை வருடம் கூட.

ஓக்மரம் எழுதியது:

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. 'ஒரே திராட்சை' என்று நாம் சொல்வதே எவ்வளவு உண்மை? 1998இல் மரபணுச் சோதனையில் சிராவின் பெற்றோர் தெரிந்தார்கள்: அர்தேஷ் பகுதியின் துரேசா, சவோய் பகுதியின் மோந்தேஸ் பிளாஞ்ச். பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து இந்தத் திராட்சை வந்தது என்ற பழைய கதை அதோடு முடிந்தது. பிறந்த இடம் ரோன் பக்கம்தான். ஆஸ்திரேலியாவுக்கு ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவிலிருந்து சேகரித்த கொடித் துண்டுகள் 1832இல் வந்தன. பரோசா இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் கொடியின் வேரை அழிக்கும் ஃபைலாக்சரா பூச்சி இதுவரை நுழையவில்லை. அதனால் பரோசாவில் 1843இல் நட்ட லாங்மீல் கொடிகளும், 1847இல் நட்ட டர்க்கி ஃபிளாட் கொடிகளும் இன்றும் சொந்த வேரில் காய்க்கின்றன. பிரான்சில் அந்தப் பூச்சி அழித்த பிறகு கொடிகள் அமெரிக்க வேரில் ஒட்டுப் போட்டவை. பிறகு நர்சரிகள் தேர்ந்தெடுத்த குளோன்கள், அதாவது ஒரே கொடியின் நகல்கள், வந்தன. கோத் ரோத்தியில் 'செரின்' என்று பழைய உள்ளூர்த் தேர்வைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அதன் வாசனையே வேறு என்று சொல்கிறார்கள். ஏறக்குறைய 200 வருடம் பிரிந்து வளர்ந்த இரண்டு குடும்பங்களைத்தான் நாம் பக்கத்தில் உட்கார வைக்கிறோம்.

பாறைநிலம் எழுதியது:

மறுக்கவில்லை. அதனால்தான் ஒரே ஊருக்குள் ஒப்பிடுவதே நேர்மையான ஒப்பீடு என்கிறேன். குளோன், பீப்பாய், சட்டம், பழக்கம் எல்லாம் ஒட்டிவரும். உயரமும் சரிவும் மட்டும் மாறும்.

கொடிமுந்திரி எழுதியது:

இவ்வளவையும் படித்த பிறகு என் கட்சியைக் கொஞ்சம் திருத்தி வைக்கிறேன். மிளகை நிலத்துக்கே கொடுக்கிறேன். துவர்ப்பின் நயத்தையும் கொடுக்கிறேன், முல்லினியூவின் மூன்று பாட்டில்களே அதற்குச் சாட்சி. புளிப்பைப் பாதிதான் கொடுப்பேன், ஓக்மரம் சொன்னது நியாயம். தோல், லாயம் வாடைகளை யார் கணக்கிலும் எழுதாமல் தனியே வைக்கிறேன்.

அடுத்தது ஈடன் பள்ளத்தாக்கு ஒன்று, பரோசா தரை ஒன்று, இரண்டும் ஒரே தயாரிப்பாளர், ஒரே வருடம், ஒரே வகைப் பீப்பாய். அப்படி ஒரு ஜோடி கிடைத்துவிட்டது. குறிப்புகளை இங்கேயே போடுகிறேன்.

வேதியல்மாணவி எழுதியது:

போடும்போது ஆல்கஹாலையும், தயாரிப்பாளர் வெளியிட்டிருந்தால் பி.ஹெச். அளவையும் சேர்த்துப் போடுங்கள். சுவைப்பவர்களில் யாருக்கு மிளகு தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்று முதலிலேயே கேட்டு எழுதிவையுங்கள். தெரியாதவர்களின் குறிப்பைத் தனியே பிரித்துப் படித்தால், மிளகை நீக்கிய பிறகும் ஈடனுக்கும் தரைக்கும் எவ்வளவு வேறுபாடு மிஞ்சுகிறது என்று பார்க்கலாம்.